கொடிக்கு மூன்றாவது பெயர்

கசிமீரோ சில்லுயிசா மலைநகரான கித்தோவிலிருந்து ஆற்றங்கரை ஊரான மரிகிதாவுக்கு வந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. கடலுக்கு அப்பால் இருந்த ஸ்பெயின் மன்னரின் ஆணைப்படி அங்கே நடந்துவந்த தாவர ஆய்வு வீட்டில் பதினோரு ஓவியர்கள் இருந்தார்கள். அவர்களில் அவனும் ஒருவன். அவர்கள் வரைந்த செடிகளில் பாதியைக் காட்டிலிருந்து கொண்டுவந்தவள் லிபோரியா. கோவேறு கழுதை ஓட்டியவனின் விதவை. ஐம்பது வயதிலும் குவாலி ஆற்றுப் பாறைகளில் கைத்தடி இல்லாமல் ஏறி இறங்குவாள்.

அந்த வெள்ளைப் பூக்கொடியையும் அவள்தான் கொண்டுவந்தாள். ஐரோப்பியப் புத்தகங்கள் எதிலும் அது இல்லை. ஆய்வுத் தலைவர் தொன் இல்தெபோன்சோ பூவைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தார். உடனே மகிழ்ச்சியோடு லிபோரியாவைக் கூப்பிட்டார்.

"ஊர்ல இதை என்னன்னு சொல்றீங்க?"

"சோம்பேறின்னு, ஐயா. மத்த பூவெல்லாம் விடியும்போதே எழுந்துடும். இது உச்சி வெயிலுக்கு அப்புறம்தான் கண்ணைத் தொறக்கும்."

தலைவரின் முகம் மாறியது. "இதை வெளியில சொல்லிடாதே. மந்திரி பேரை வைக்கலாம்னு இருக்கேன்."

அதற்குக் காரணம் இருந்தது. ஆய்வுக்கான அரசாணை அந்த வருடத்தோடு முடிகிறது. அதை நீட்டிக்க வேண்டியவர் மாட்ரிட்டில் இருக்கும் மந்திரி வால்தெமோரா பிரபு. அவர் மனம் வைக்காவிட்டால் வீட்டைப் பூட்ட வேண்டியதுதான். ஓவியத்தின் அடியில் கசிமீரோ தன் அழகான கையெழுத்தில் 'வால்தெமோரியா' என்று எழுதினான்.

மை நன்றாகக் காய்ந்து, படங்களைப் பெட்டியில் அடுக்கும் நேரத்தில் தபால் வந்தது. வால்தெமோரா பதவி இழந்து, தன் பண்ணையை விட்டு வெளியே வரக்கூடாதென்ற உத்தரவோடு இருக்கிறாராம். புது மந்திரி அர்பிசு பிரபு. கசிமீரோ மெல்லிய கத்தியால் பழைய பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு 'அர்பிசுவா' என்று எழுதினான். ஆற்றில் வெள்ளம் வந்து படகு தாமதப்பட்டது. வெள்ளம் வடிவதற்குள் அடுத்த தபால் வந்துவிட்டது. அர்பிசுவும் போய்விட்டார். அவர் இடத்துக்கு யார் வந்திருக்கிறார் என்றும் கடிதத்தில் எழுதியிருந்தது. ஆனால் வழியில் மழையில் நனைந்து அந்த வரி மட்டும் நீலக் கறையாக இருந்தது.

தலைவர் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "முதல் எழுத்து 'மா'வா, 'நா'வா?"

கசிமீரோ எட்டிப் பார்த்தான். "ஒண்ணும் தெரியலை, ஐயா."

"நாளைக்கு மத்தியானம் படகு கிளம்புது. இதை விட்டா மூணு மாசம்." அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். அவர் அப்படிச் சோர்ந்து கசிமீரோ பார்த்ததில்லை.

"காகிதம் இன்னும் ஒரு தடவைதான் தாங்கும், ஐயா. அதுக்கு மேல சுரண்டினா ஓட்டை விழுந்துடும். இந்தத் தடவை பதவியை விட்டுத் தூக்க முடியாத ஆள் பேரா வைங்க."

"அப்படி யாரு இருக்கா?"

கசிமீரோ படத்தை அவர் முன்னால் வைத்தான். மலைநாட்டிலிருந்து வந்த ஓவியன் தலைவருக்கு யோசனை சொல்வது அந்த வீட்டில் வழக்கமில்லை. ஆனாலும் சொல்லிவிட்டான். "லிபோரியா."

தலைவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் படத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஊருக்குத் திரும்பும் வழியை கசிமீரோ மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டான்.

"லிபோரியா," என்று கடைசியில் அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "செடிப் பேரு லத்தீன்ல இருக்கணும். இதுல ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாமே. போய் அவளைக் கூட்டிட்டு வா."

லிபோரியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து விஷயத்தைக் கேட்டாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "சோம்பேறிக்கு என் பேரா? ஊரே சிரிக்கும், ஐயா. ஓடி ஓடி உழைக்கிறதுக்கு இதுதான் மரியாதையா?"

பல வாரங்களில் முதல் முறையாகத் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "மந்திரிங்க இதுக்காகத் தவம் கிடக்கிறாங்க, லிபோரியா."

அவள் குனிந்து படத்தைப் பார்த்தாள். "என் பேரு போடறதா இருந்தா படம் சரியா இருக்கணும். தம்பி, வேர் எங்கே? கிழங்கு கிழங்கா இருக்குமே. காய்ச்சல் வந்தா அதைத்தானே இடிச்சுக் கஷாயம் வைக்கிறோம்?"

"நீங்க சொல்லவே இல்லையே, அக்கா."

"நீங்க யாராவது கேட்டீங்களா? எல்லாரும் பூவைத்தான் பார்த்தீங்க."

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் விடிந்ததும் லிபோரியா மண் ஒட்டிய கிழங்கோடு வந்தாள். கசிமீரோ காலைச் சாப்பாட்டைக்கூட மறந்து வரைந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கஷாயம் வைக்கும் முறையைச் சொல்லச் சொல்ல, தலைவர் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். படகுக்காரன் இரண்டு முறை வந்து சத்தம் போட்ட பிறகே பெட்டியில் ஆணி அடித்தார்கள்.

பதிலுக்குப் பதினொரு மாதம் காத்திருந்தார்கள். அரசாணை மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது. அரண்மனை மருத்துவர்கள் அந்தக் கிழங்கை உலர்த்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஓவியர்கள் முற்றத்தில் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கடிதத்தின் கடைசியில் மந்திரியின் எழுத்தர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: லிபோரியா சீமாட்டி எந்தப் பிரபு வீட்டைச் சேர்ந்தவர்?

கசிமீரோ பேனாவை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தான். "என்ன எழுதட்டும், அக்கா?"

"குவாலிக்கரை வீடுன்னு எழுது," என்றாள் அவள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூரை ஒழுகுதுன்னும் சேர்த்து எழுது," என்றாள்.

கசிமீரோ இரண்டையும் எழுதினான். தலைவர் படித்துப் பார்த்தார். ஒரு சொல்லைக்கூட அடிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டார்.