கிழிந்த கவுன்

"இதைப் போட்டுவிடுங்க. ஒரே ஒரு போட்டோதான்," என்று தளபதியின் மனைவி பையிலிருந்து ஒரு கவுனை எடுத்து நீட்டினாள். தோளில் கிழிந்திருந்தது. கத்தரிக்கோலால் வெட்டிய கிழிசல்.

ராணுவத்தில் லாரி ஓட்டுகிற அவனும் மனைவியும் காப்பகத்திலிருந்து அந்த நாலு வயசுக்காரியைத் தத்தெடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. போன வாரம்தான் முதல்முறையாக அப்பா என்றாள். அதுவும் அவன் முதுகைப் பார்த்து. படைப்பிரிவு சீக்கிரமே எல்லைக்குப் போகிறது. பிள்ளை ஒட்டிக்கொள்ளும்வரை தன்னை இங்கேயே விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டிருந்தான். தளபதி மனுவை வாங்கி மேசையில் வைத்தார். குடும்ப விழாவுக்கு மகளோடு வரச் சொன்னார்.

விழாவில் ஒலிபெருக்கி முழங்கியது: "நாதியில்லாம கிடந்த பிள்ளைக்கு நம்ம படை வாழ்வு குடுத்திருக்கு!" கைதட்டினார்கள். கேக் ஒட்டிய விரலால் ஒருத்தி பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "பரவாயில்லையே, பாத்துதான் எடுத்திருக்கீங்க," என்றாள்.

இப்போது மேடைக்குப் பின்னால் இந்தக் கவுன். "முன்னாடி எப்படி இருந்தா, இப்ப எப்படி இருக்கான்னு ஜோடியா போடணும். நம்ம பத்திரிகைக்கு," என்றார் தளபதி.

அவன் விறைப்பாக நின்றான். யாரும் சொல்லாமலே பிள்ளை இரண்டு கைகளையும் தூக்கியது, சட்டையைக் கழற்ற வசதியாக. பிறகு உதட்டைப் பிதுக்கி, கண் கலங்கி, கேமராவைப் பார்த்தது.

"அட, சொல்லிக்குடுக்கவே வேணாம் போல!" என்றான் புகைப்படக்காரன்.

அவனுக்கு எல்லாமே அசிங்கமாகப் பட்டது. புகைப்படக்காரனின் சிரிப்பு, தளபதி மனைவியின் அத்தர் வாசனை, எல்லாவற்றையும்விடத் தொடையோடு ஒட்டிக்கிடந்த தன் கைகள்.

"வேணாம் சார்."

"உன் விஷயம் என் மேசையிலதான் கிடக்கு. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார்." பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

அவன் மனைவி கவுனைத் திருப்பி நீட்டினாள். "உங்க பேத்திக்குப் போட்டு எடுங்க மேடம். அளவு சரியா இருக்கும்."

வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளை கேட்டது: "நான் சரியா அழலையா? காப்பகத்துல இப்படி அழுதா பிஸ்கட் குடுப்பாங்க."

முகாம் சமையல்காரரின் மகளுக்கு அதே கவுனைப் போட்டுப் படம் எடுத்துவிட்டார்களாம். கேட்டதும் அவன் தரையில் காறித் துப்பினான். மறுநாளே உத்தரவும் வந்தது: எல்லைக்கு.

கிளம்புகிற காலையில் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவைக் கட்டினான். தெருமுனையில் வண்டி ஹார்ன் அடித்தது. பிள்ளை அவன் காலடியில் குந்தியிருந்தது. அவன் இரண்டாவது காலைக் கட்டி முடிப்பதற்குள், அது முதல் காலின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தது.