குகன் கொடுத்த புறா

மூன்று நாளாக அந்தப் புறா வாயைத் திறக்கவில்லை. சும்மா புறா இல்லை, மெர்போக். போட்டிக்கென்றே வளர்ப்பது, நன்றாகக் கூவினால் கோப்பை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குகன் அதைக் கூண்டோடு கொண்டுவந்து, "வெச்சுக்கடா, ஒனக்குத்தான் ரொம்ப நாளா இது மேல ஒரு கண்ணு" என்று நீட்டியபோது சிவநேசனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏன் கொடுக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவானோ என்று பயம். இப்படியும் ஒரு கூட்டாளி.

புதன்கிழமை காலை, தீவில், லிட்டில் இந்தியாவில் அவன் துணி கிழிக்கும் கடைக்குச் சந்திரசேகரன் வேட்டி வாங்க வந்தார். அவரும் குகனும் சிவநேசனும் குடியிருக்கும் அதே செம்பனைத் தோட்டம்தான். அங்கே பன்னிரண்டு ஆண்கள் புறா வளர்க்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு வாட்சாப் குழுவும் உண்டு. புறா கூவாததைச் சிவநேசன் சொன்னதும் அவர் சிரித்தார்.

"ஒனக்கும் குடுத்தானா? எனக்கும் ஒண்ணு குடுத்தான் லா. கப்பு வாங்குன புறாவ சோமுகிட்ட குடுத்துட்டான். எல்லாத்தையும் குடுத்துட்டான் போல."

"ஏன்ணே?"

"எனக்கு என்னா தெரியும். வந்துச்சு, வாங்கிக்கிட்டேன்."

சிவநேசனின் கை துணியிலேயே நின்றுவிட்டது. கட்டின மனைவி லோகேஸ்வரியையே கூண்டைத் தொட விடாதவன் குகன். இடுப்பில் அடிபட்டு, புக்கிட் தெங்கா தொழிற்சாலை வேலை போன பிறகு, அவன் விடிந்ததும் எழுந்ததே அந்தப் புறாக்களுக்காகத்தான்.

கைப்பேசியை எடுத்துக் குழுவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். இரண்டு வாரத்துக்கு முன் குகன் எழுதியிருந்தான்: 'தூக்கமே வரல. எதுக்கு இருக்கோம்னே தெரியல.' அதற்குக் கீழே சோமுவின் சிரிப்பு முகம். 'ரெண்டு பீர் அடிடா, தன்னால வரும்' என்று சந்திரசேகரன். அதற்கும் கீழே, குறட்டை விடும் யானைப் படம் ஒன்று. அனுப்பியது சிவநேசன். அதோடு குகன் எழுதுவதை நிறுத்திவிட்டான். மற்ற பதினொரு பேரில் ஒருவனும் அதைக் கவனிக்கவில்லை.

குகனைக் கூப்பிட்டான், அவன் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தான். லோகேஸ்வரியைக் கூப்பிட்டான்.

"நான் வேலையில இருக்கேண்ணே. அவரு வீட்லதான் இருக்காரு. இன்னிக்கு அதிசயமா பிள்ளைங்கள ஸ்கூல் பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டாரு. தலையத் தடவி அனுப்புனாரு. ஏண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்ல, இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. பக்கத்து வீட்டுச் சந்திரிகா அக்காவப் போயி அவன்கூட ஒக்காரச் சொல்லு. நீயும் கெளம்பி வா."

தீவிலிருந்து அக்கரைக்கு ஃபெரி பத்து நிமிடம்தான். அன்று அது நகர்ந்ததாகவே தெரியவில்லை. எல்லாரும் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிவநேசன் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நின்றான். பட்டர்வொர்த்தில் இறங்கி மோட்டார் சைக்கிளை எடுத்தவன் எந்தச் சிவப்பு விளக்கில் நின்றான், எதில் நிற்கவில்லை என்று அவனுக்கே தெரியாது.

வீட்டு வாசலில் சந்திரிகா அக்கா முறத்தில் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தார். "பின்னால இருக்கான். பேச்சுக் குடுத்தேன், பதிலே இல்ல" என்றார்.

குகன் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, கடைசிக் கூண்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். உயிரோடுதான் இருந்தான். சிவநேசன் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கடைக்குப் போலயா?" என்றான் குகன், நிமிராமல்.

"புறா கூவ மாட்டேங்குது."

"எடம் மாறிருக்குல்ல. கூவும்."

இந்த இடத்தில்தான் எந்த ஆம்பளையும் ஒரு ஜோக் அடித்துவிட்டு எழுந்து போவான். சிவநேசனுக்கும் ஒன்று நாக்கு வரை வந்தது. விழுங்கினான்.

"குகா, செத்துடலாம்னு நெனச்சியா?"

தேய்த்த கை நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் வழிந்தபடி இருந்தது. குகன் ஆமாம் என்று தலையசைத்தான்.

"அஞ்சு பேருக்குக் குடுத்தேன்டா" என்றான். "ஒருத்தனாவது ஏன்னு கேப்பான்னு பாத்தேன். எல்லாரும் தேங்ஸ் சொன்னீங்க."

சிவநேசனுக்கு அழுகை வந்தது, மூக்கு ஒழுக, அசிங்கமாக. அவன் அழுவதைப் பார்த்துக் குகனும் உடைந்தான். வாசலில் சந்திரிகா அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டார். ஆனாலும் உள்ளே வரவில்லை, நல்ல மனுஷி.

"வா, கிளினிக்குப் போவோம். டாக்டர்கிட்ட இதே மாதிரி சொல்லு. நானும் உள்ள வரேன். லோகா நேரா அங்க வந்துடும்."

"தோட்டத்துல என்னா பேசுவாங்க."

"பேசட்டும். பேசாம இருந்துதான் இப்படி ஆச்சு."

குகன் மெல்ல எழுந்து சட்டையை மாட்டினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மோட்டாரில் பின்னால் ஏறினான். சிவநேசன் வண்டியை முடுக்கும்போது குகன் அவன் காதருகே கேட்டான்:

"அதுக்கு என்னா தீனி போடுற?"

"பசார்ல பாக்கெட்ல விப்பாங்களே, அது."

"அத அது தொடாதுடா. நாளைக்கு வந்து கலந்து தரேன்."

சிவநேசன் முடுக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"நாளைக்கு எத்தன மணிக்கு?"

"ஏழு."

"ஏழுன்னா ஏழுதான். கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு நிப்பேன்."