தாராபுரத்துக்கு மூன்று டிக்கெட்

எங்கள் சிங்காநல்லூர் குடியிருப்பில் கடலை பிஸ்கட் சுட்டால் ஆளுக்கு ஒன்றுதான் சுடுவோம். தட்டில் இரண்டு பிஸ்கட் ஒட்டிக்கொண்டால் அவற்றுக்கு உரியவர்கள் பிறகு பிரிவதில்லை. சூடாக இருக்கும்போது கத்தி வைத்தால் பிரிக்கலாம். ஆறிவிட்டால் முடியாது.

மேல்வீட்டுத் தர்மலிங்கம், குழாய் பழுது பார்க்க வந்தவருக்கும் மரியாதைக்கு ஒன்று சுட்டார். இரண்டும் ஒட்டின. அந்த நேரம் பார்த்துக் கத்தி கிடைக்கவில்லை. இப்போது இருவரும் ஒரே கட்டிலில் படுக்கிறார்கள். தர்மலிங்கத்தின் மனைவி கூடத்தில் படுக்கிறார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

ஆகவே நான் பிஸ்கட் உருண்டைகளுக்கு நடுவே எப்போதும் மூன்று விரல் இடம் விடுவேன்.

என் மனைவி கனகவல்லி, தாராபுரத்தில் தங்கையோடு போய் இருந்துவிடப் போவதாகச் சொன்னாள்.

"இந்த வீட்டுல குக்கர் மட்டுந்தானுங்க என்கூடப் பேசுது."

அது சரிதான். எனக்குப் பேச வராது. போகாதே என்று சொல்ல நினைத்து, "பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

பெட்டியைக் கட்டிவிட்டு, "வழிக்கு பிஸ்கட் சுட்டுக் குடுங்க" என்றாள்.

ஒரு கிண்ணம் நிலக்கடலையை வறுத்து, தோலை ஊதிவிட்டு, எண்ணெய் விடும்வரை மிக்சியில் அரைத்தேன். முக்கால் கிண்ணம் சர்க்கரையும் ஒரு முட்டையும் சேர்த்துப் பிசைந்தேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று உருட்டி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தினேன். பெரியது அவளுடையது. நடுவே ஒரு விரல் மட்டும் விட்டேன்.

ஓவனைத் திறந்தபோது இரண்டும் ஒட்டியிருந்தன. கனகவல்லி கத்தியோடு வந்தாள்.

"ஏனுங்க, மூணு விரல் என்னாச்சு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துரும்?"

"சர்க்கரை அரைக் கரண்டி கூடிப்போச்சு" என்றேன்.

"கூடட்டும். வேற?"

கத்தி இரண்டுக்கும் நடுவே நின்றது. பிஸ்கட்டில் இன்னும் கொஞ்சம் ஆவி இருந்தது.

"பஸ்ல இன்னொரு சீட்டு இருக்குமா?"

ஆவி நின்றது. பிஸ்கட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கத்தியைக் கழுவி அதன் இடத்தில் வைத்தாள்.

"இருக்கும். அந்தச் சட்டைய மாத்துங்க மொதல்ல."

சட்டையை மாற்றிவிட்டு வந்து பிஸ்கட்டை எடுத்தேன். வரவில்லை. இடைவெளியிலேயே கவனமாக இருந்ததில் தட்டுக்கு வெண்ணெய் தடவ விட்டுப்போயிருந்தது. தட்டும் ஆறிவிட்டது.

கண்டக்டர் மூன்று டிக்கெட் கிழித்தார். தட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தது. அடுத்து கனகவல்லி, ஓரத்தில் நான். பல்லடம் தாண்டியதும் தட்டு தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. கனகவல்லி "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.