முறுக்கு அடங்காத நூல்

ஓரகத்தி சின்னவள் நூற்ற நூலைப் பார்த்தாலே பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓரிடத்தில் விரல் தடிமன், அடுத்த சாணில் மயிரிழை. சாயமாவது ஒழுங்காகப் பிடித்ததா என்றால் அதுவும் இல்லை. தேமல் விழுந்த மஞ்சள். "நூலா இது? மண்புழு," என்று சின்னவள் காதில் விழும்படியே சொல்வாள்.

பெரியவளின் மகன் பனி கொட்டும் ஊருக்கு வேலைக்குப் போகிறான். பிள்ளை என்னவோ சின்ன வயதிலிருந்தே சித்தி பின்னால் திரிந்தவன். கிளம்புகிற அன்று எவள் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுகிறான் என்று தெருவே பார்க்கும். அது தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று பெரியவள் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

கம்பளியை அடர் சிவப்பில் தோய்த்தாள். ராட்டையை விட்ட வேகத்தில் நூல் கம்பி மாதிரி இறுகியது. கையை எடுத்தால் தானாகவே சுருண்டுகொண்டது. சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

"முறுக்கு ஜாஸ்தியா இருக்குக்கா. ரெண்டு இழையைச் சேர்த்து எதிர்ப்பக்கமா திரிச்சுட்டா அடங்கிடும்."

"நூக்கத் தெரியாதவங்களுக்குத்தான் ரெண்டு இழை. நீ உன் வேலையப் பாரு."

ஒற்றை இழையிலேயே பின்னி முடித்தாள். கண்ணிக்குக் கண்ணி அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. அலசி, உலர்த்தி, மகனுக்கு மாட்டிப் பார்த்தாள். அடங்காத முறுக்கு ஸ்வெட்டரையே ஒரு பக்கமாகத் திருகியதில், விலாவில் இருக்க வேண்டிய தையல் தொப்புளுக்கு வந்து நின்றது.

"நேரா நில்லுடா."

"நேராத்தாம்மா நிக்கிறேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளுக்குப் பெற்ற பிள்ளையே கோணல். இழுத்துப் பார்த்தாள், ஈரத்துணி போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். நாய் வாலை நிமிர்த்திய கதைதான்.

கிளம்பும் நாளும் வந்தது. மகன் அறையிலிருந்து வெளியே வந்தான். மேலே சின்னவள் பின்னிய அந்தத் தேமல் மஞ்சள் ஸ்வெட்டர்.

"உன்னுது உள்ள போட்டிருக்கேம்மா," என்று கழுத்தை விலக்கிக் காட்டினான். விரல் அகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. "நல்ல கதகதப்பு. வெளியிலதான் போட்டுக்க முடியல."

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். ஒரு சிரிப்பு சிரித்திருந்தால் போதும், பதிலுக்கு நாலு கொடுத்துத் தெருவையே கூட்டியிருப்பாள். அந்த மகராசியோ தெருக் கதவு திறப்பதற்குள் குனிந்து, மஞ்சளுக்குக் கீழே கோணலாக எட்டிப் பார்த்த சிவப்பு ஓரத்தை உள்ளே தள்ளி மறைத்துவிட்டாள்.