வாரத்துக்கு விட்ட விசிறியான்

சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஹரிராமுக்குக் கொடுத்த கேம் பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் செருகும் கட்டையின் மேல் முழுக்க ஜப்பான் எழுத்து. அதனால் விளையாட்டின் பெயர் என்னவென்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. காட்டில் திரிந்து விநோத ஜந்துக்களைப் பிடித்து வளர்க்க வேண்டும். ஆணையும் பெண்ணையும் ஒரே தொழுவத்தில் விட்டால் முட்டை கிடைக்கும். முட்டையைச் சுமந்துகொண்டு நடந்தால் பொரியும். இவ்வளவையும் படத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

அவனுக்கு அப்போது வயது இருபத்தொன்று. வீடு கோச்சடையில். வேலை, விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடையில். காலையும் மாலையும் டவுன் பஸ்ஸில் நின்றபடி இடது, வலது, இடது, வலது என்று திரைக்குள் நடந்துகொண்டே இருந்ததில் இடது பொத்தான் உள்ளே போய்விட்டது. கோரிப்பாளையத்தில் டிவியும் செல்போனும் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனான். அங்கேதான் மலையாண்டி இருந்தான். எழுமலைக்காரன், இவனைவிட ஒரு வயது மூத்தவன்.

பொத்தானைச் சரி செய்தவன் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. அரை மணி நேரம் ஆடிப் பார்த்தான். "இதுல அப்படி என்னடா இருக்குன்னு பாத்தேன், விட மாட்டேங்குது" என்றான். அடுத்த மாதமே, யாரோ வாங்க வராமல் போட்டுவிட்டுப் போன ஒரு செத்த பெட்டிக்கு உயிர் கொடுத்து, தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டான். இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் கம்பியையும் பழைய ஒயர்களைப் பற்றவைத்து அவனே செய்தான். அதன் வழியாக ஒரு பெட்டியின் ஜந்துவை மற்றொன்றுக்கு அனுப்பலாம்.

கழுத்தில் விசிறி விரியும் ஓணான் ஒன்று அந்த விளையாட்டில் உண்டு. அதற்கு இவர்கள் வைத்த பெயர் விசிறியான். சாதாரணமாகப் பச்சை நிறம். எட்டாயிரத்தில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் பிறக்கும் என்று பிரவுசிங் சென்டரில் ஒரு பக்கத்தைப் பார்த்து ஹரிராம் தெரிந்துகொண்டான். படமும் இருந்தது. சேலைக் கடைக்காரன் கண்ணுக்கு அது சுத்தமான வெந்தயக் கலர். தாயும் தகப்பனும் வேறு வேறு பெட்டியைச் சேர்ந்தவையாக இருந்தால் அந்த நிறம் கிடைக்க வாய்ப்பு பல மடங்கு கூடும் என்றும் அங்கே போட்டிருந்தது.

"அப்ப என் கெடாவ உன் பெட்டையோட விடுவோம்" என்றான் மலையாண்டி. "பஸ்ஸுல சும்மா நிக்கிறவன் நீதான். நீ வளர்த்துக் குடு. வாரத்துக்கு விட்டுருவமா?"

"வாரம்னா?"

"எங்கூர்ல ஆட்ட அப்படித்தான் விடுவாக. ஆடு ஒருத்தனுது, மேய்க்கிறது இன்னொருத்தன். மொதக் குட்டி ஆட்டுக்காரனுக்கு, அடுத்தது மேய்க்கிறவனுக்கு. அப்படியே மாத்தி மாத்தி. எங்காத்தா ஒச்சாயி இன்னைக்கு வரைக்கும் அடுத்தவன் ஆட்டத்தான் மேய்க்குது."

"குட்டி செத்துப்போச்சுன்னா?"

"தோலக் கொண்டாந்து காட்டணும். இல்லன்னா வித்துத் தின்னுட்டான்னு ஊரே பேசும். இந்த ஓணானுக்கு ஏது தோலு? நீ சொல்றதுதான் கணக்கு."

"பெட்டை என்னுதுதானே மாப்ள? அப்ப நானும் ஆட்டுக்காரன்தான்."

"டேய், ஒரு தடவ நான் ஆட்டுக்காரனா இருந்துட்டுப் போறேன்டா. எங்க வம்சத்துலயே மொத ஆளு நானாத்தான் இருப்பேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒற்றைப்படை மலையாண்டிக்கு, இரட்டைப்படை ஹரிராமுக்கு என்று முடிவாயிற்று. ஹரிராம் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பொரிந்த வரிசையில் எண் போட்டு, எதிரே 'பச்சை' என்று எழுதினான். எழுதியதும் குட்டியைக் காட்டில் விட்டுவிடுவான். மாலையில் கோரிப்பாளையத்தில் இறங்கினால் மலையாண்டி சால்டரிங் புகைக்குள்ளிருந்து கேட்பான்: "என்ன மாப்ள, இன்னைக்கு எம்புட்டு?"

"அஞ்சு. எல்லாம் கீரைக்கட்டு."

ஐந்து மாதம் இப்படியே போயிற்று.

ஒரு புதன்கிழமை காலை. அரசரடியில் பஸ் நகராமல் நின்றது. அறுநூற்றுப் பதின்மூன்றாவது முட்டை ஓடு விரிந்தது. திரையில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிதறியது. நடுவில் வெந்தயக் கலரில் விசிறியை விரித்துக்கொண்டு நின்றது குட்டி. ஹரிராம் தன்னை மறந்து "ஐயோ" என்று கத்திவிட்டான். முன்னால் நின்றவர், இவன் காலை மிதித்துவிட்டோமோ என்று குனிந்து பார்த்தார்.

சந்தோஷம் அடங்குவதற்குள் எண் ஞாபகம் வந்தது. அறுநூற்றுப் பதின்மூன்று. ஒற்றைப்படை.

நேற்று எங்காவது ஒன்று விட்டுப்போயிருக்குமோ என்று நோட்டைப் புரட்டினான். அவன் எழுதிய நோட்டில் எது விட்டுப்போகும்? ஐந்து மாதமாகக் கட்டைவிரல் காய்த்துப்போக நடந்தவன் நான், அவன் கொடுத்தது ஒரு கிடாயை மட்டும்தானே என்று நினைத்தான். அந்த நினைப்பே போதுமானதாக இருந்தது. நோட்டில் எதையும் எழுதாமல் நடந்தான். பெரியார் நிலையம் வருவதற்குள் அடுத்த முட்டை பொரிந்தது. பச்சை. அந்தப் பச்சையை 613க்கு எதிரே எழுதினான். அதன் கீழே 614, 'வெந்தயம்' என்று எழுதினான். எழுத்து எப்போதும் போல முத்து முத்தாகவே விழுந்தது.

மாலையில் விஷயத்தைக் கேட்டதும் மலையாண்டி ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். முதலாளி ராஜகுருவிடம் காட்டினான். பக்கத்துக் கடைகளில் எல்லாம் காட்டினான். "எங்க ரெண்டு பேரு ஓணானும் போட்ட குட்டிண்ணே! எட்டாயிரத்துல ஒன்னு!" என்றான். எல்லாருக்கும் டீ சொன்னான். பிறகுதான் எந்த நம்பர் என்று கேட்டான்.

"அறுநூத்திப் பதினாலு."

"ஒரே ஒரு நம்பர்ல தப்பிப் போச்சேடா!" என்று முதுகில் ஒரு அறை வைத்தான். "கொஞ்சம் அவசரப்பட்டிருந்தா ஆட்டுக்காரனுக்கு வந்திருக்கும்." நோட்டை அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டுவதற்காக ஹரிராம் அதைக் கையிலேயே வைத்திருந்தான்.

"இனிமே நான் மேய்க்கிறேன்" என்றான் மலையாண்டி. "உன் பெட்டைய எங்கிட்ட அனுப்பு. கெடா உங்கிட்டயே இருக்கட்டும், எங்கிட்ட அதோட தம்பி இருக்கான். இப்ப நீ ஆட்டுக்காரன். ஒத்தை உனக்கு, ரெட்டை எனக்கு."

அதன்பின் ஹரிராம் கோரிப்பாளையத்தில் இறங்குவது குறைந்தது. ஆடித் தள்ளுபடி, கடையில் கூட்டம் என்று சொன்னான். பெட்டியைத் திறந்தாலும் வெந்தய விசிறியானைப் பார்க்க மனம் வருவதில்லை. பார்த்தால் அரசரடிதான் ஞாபகத்துக்கு வந்தது. போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கிளம்பினான். ஒரு முறை கடை வாசல்வரை போனான். உள்ளே மலையாண்டி ஒரு கையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி மறு கையால் இடது, வலது அழுத்திக்கொண்டிருந்தான். ஹரிராம் திரும்பி வந்துவிட்டான்.

ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, சேலைக் கடை திறந்ததும் திறக்காததுமாக மலையாண்டி வந்து நின்றான். எழுமலையிலிருந்து முதல் பஸ்ஸில் நேராக வந்திருக்கிறான். தலை கலைந்திருந்தது. தோளில் பை.

"வெளிய வாடா. பொறந்துருச்சு!"

"வெந்தயமா?"

"வெந்தயமேதான். உசிலம்பட்டி தாண்டி. நானூத்தி ஏழு." பையிலிருந்து கம்பியை எடுத்தான். "ஒத்தை. உன் மொறை. பெட்டிய எடு, அனுப்பிர்றேன்."

ஹரிராம் பெட்டியை எடுக்கவில்லை. "எனக்குத்தான் ஒன்னு இருக்கேடா. இத நீயே வச்சுக்க."

"அப்ப எதுக்குடா மொறை வச்சோம்? ரெட்டையில பொறந்தா நான் குடுப்பனா? பிடி."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கம்பியைச் செருகும் முன்பு, அந்த ஒரு நொடியில். ஹரிராம் பெட்டியை நீட்டினான். மலையாண்டி கம்பியைச் செருகினான். திரையில் ஒரு கோடு மெல்ல நிரம்பியது. வெந்தயக் கலர் குட்டி அந்தப் பக்கம் மறைந்து இந்தப் பக்கம் வந்து விசிறியை விரித்தது.

"அது அறுநூத்திப் பதிமூணு மாப்ள" என்றான் ஹரிராம்.

"எது?"

"என்னுது. மொதல்ல பொறந்தது. பதினாலு இல்ல, பதிமூணு. உன் மொறை. மாத்தி எழுதிட்டேன்."

கடைக்குள்ளிருந்து யாரோ ஹரிராமைக் கூப்பிட்டார்கள். மலையாண்டி கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எங்காத்தாகிட்டச் சொன்னேன்டா" என்றான் பிறகு. "என் சேக்காளிக்குக் கெடைச்சிருச்சுன்னு. அதுக்கு இந்த எழவு என்னன்னே தெரியாது. மேய்ச்சவனுக்குக் கெடைச்சா நல்லதுதான்னு சொல்லுச்சு."

"ரெண்டையும் நீயே எடுத்துக்கடா. இப்பவே அனுப்புறேன்."

"வேணாம். என் கெடாவ மட்டும் அனுப்பு."

"மாப்ள..."

"கெடாவ அனுப்பு."

எழுமலைப் பக்கம் மேய்க்கிறவன்மேல் நம்பிக்கை போனால் ஆட்டுக்காரன் சண்டை போடமாட்டான். வந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். ஹரிராமுக்கு அது அப்போது தெரியாது. ஏதாவது திட்டுவான் என்று காத்திருந்தான். கிடா போயிற்று. அவனுடைய பெட்டை திரும்பி வந்தது. மலையாண்டி கம்பியை உருவி, சுருட்டி, பையில் போட்டுக்கொண்டு விளக்குத்தூண் கூட்டத்துக்குள் நடந்து போனான்.

மூன்று வாரம் பொறுத்து, நன்றாக இருந்த இடது பொத்தானை ஸ்பூன் முனையால் நெம்பிக் கெடுத்து எடுத்துக்கொண்டு ஹரிராம் கோரிப்பாளையம் போனான். மலையாண்டி நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்க சார். என்ன கம்ப்ளைண்ட்?"

"இடது பொத்தான்" என்றான் ஹரிராம்.

பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மலையாண்டி பெட்டியைத் துணியால் துடைத்து, ஆடிப் பார்க்காமலே இரண்டு கையாலும் நீட்டினான்.

"சரியாப் போச்சுங்க. ஒருதடவ அமுக்கிப் பாத்துக்கங்க."

ஹரிராம் அமுக்கிப் பார்த்தான். திரைக்குள் அவன் ஆள் இடது பக்கம் ஓரடி நடந்து நின்றான்.