இரண்டு பாக்கெட் உப்பு

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் அவருக்கு முப்பத்தொரு வருடம் ஆகியிருந்தது. எந்த லிஃப்டைத் தொட்டாலும் முதலில் பிரேக்கைப் பார்ப்பார். அதனால் கம்பெனியில் அவர் பெயர் ‘பிரேக்’ என்றே ஆகிவிட்டது.

இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகமும் லேசாகச் சோர்ந்திருக்கிறது என்று தெரிந்ததும், டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதினார். உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடலாம். உப்புதான் அவர் உயிரை வாங்கியது. அவர் மனைவி பள்ளிக்கூடத்து நூலகர். ஒரு நாள் தாமதமாகப் புத்தகம் திருப்பித் தருபவரைக்கூடச் சும்மா விடமாட்டாள். டாக்டர் சொன்ன பாதியை அவள் கால்வாசியாக்கினாள்.

“என்ன இது, வாய் கொப்பளிக்கிற தண்ணியா?” என்றார் பிரேக், சூப்பைப் பார்த்து.

“எனக்கு நீங்க முழுசா வேணும். பேசாம குடிங்க.”

பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் கடையில் ஒரு பாக்கெட் கண்ணில் பட்டது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயமும் வரைந்திருந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி பையில் இருந்தது. சோடியம்தானே ஆகாது என்றார் டாக்டர், பிறகென்ன? வாஷர் போட்டு வைக்கும் தகர டப்பாவைக் கழுவி, உப்பை அதில் கொட்டி, கருவிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மனைவி கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாட்டின் மேல் தினமும் தாராளமாகத் தூவினார். இரண்டு வாரத்தில் வீட்டுச் சாப்பாடும் ருசிக்க ஆரம்பித்தது. நாக்கு ஒரு வழியாக வழிக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ஏழாவது வாரம், பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில் இயந்திர அறைக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏறினார். நான்காவது படியில் முழங்கால் ஈரத்துணியாகத் துவண்டது. எப்படியோ தொற்றி ஏறி உள்ளே உட்கார்ந்தால், நெஞ்சு ஒரு அடி அடித்து ஒரு அடி விட்டது. மெயின் சுவிட்சை அணைத்தார். ‘வேலை நடக்கிறது’ என்ற பலகையை மாட்டினார். அதற்கப்புறம்தான் காவலாளிக்குப் போன் செய்தார்.

“பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு” என்றார் மருத்துவமனை டாக்டர். “இன்னும் கொஞ்சம் போயிருந்தா இதயம் நின்னிருக்கும்.” பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். ஊசி போட்டார்கள், சொட்டு மருந்து ஏற்றினார்கள், நெஞ்சில் ஒட்டிய கம்பிகளோடு ஒரு ராத்திரி போயிற்று.

மறுநாள் காலை உணவு ஆலோசகர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். மகள் வயதுதான் இருக்கும்.

“புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா? சத்து மாவு, பவுடர், வேற உப்பு?”

“ஒண்ணுமில்லம்மா” என்றார் அவர்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். “நான் உப்பை மாத்தினேன்” என்றாள். “சோடியம் குறைஞ்ச உப்பு. இவர் சரியாவே சாப்பிடல, இளைச்சுப் போயிட்டார். சொன்னா அள்ளிப் போட்டுக்குவார்னு சொல்லல.”

“அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம்தான் இருக்கும்மா. மத்தவங்களுக்கு நல்லதாவே இருக்கலாம். ஆனா இவரோட பிரஷர் மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற விடாது. சிறுநீரகமும் சுமார்தான்.”

“நானே இவரைக் கொல்லப் பார்த்திருக்கேனே.” அவள் குரல் உடைந்தது.

ஆலோசகர் அளவைக் கேட்டு எழுதினாள், பேனாவை நிறுத்தினாள். “ஒரு நாளைக்கு அரை ஸ்பூனா? இவ்வளவு ஏற அது போதாதே.”

பிரேக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் இது இத்தோடு முடிந்துவிடும். உப்பும் நின்றுவிடும், உடம்பும் தேறிவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஒருவேளை கை கூடப் போயிருக்குமோ” என்று தன்னையே விசாரிக்கத் தொடங்கியிருந்தாள். அவள் கை ஒரு நாளும் கூடப் போனதில்லை.

“என் பையில ஒரு தகர டப்பா இருக்கு” என்றார். “எடுத்துப் பாரு.”

மனைவி கட்டிலடியில் கிடந்த கருவிப் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள், திறந்தாள், விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“நான் சமைச்சது மேலயா தூவினீங்க?”

“ஆமா.”

“தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை இல்ல.”

ஆலோசகர் சிரிப்பை அடக்க நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மனைவி சிரிக்கவில்லை. நாலு நாள் அவரிடம் வேண்டியதை மட்டும் பேசினாள்: மாத்திரை, தண்ணீர், போர்வை.

மாத்திரையை மாற்றினார்கள். இரண்டு உப்பும் குப்பைக்குப் போயின. இப்போது சாதா உப்புதான், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து. மூன்று வாரம் கழித்து இருவரும் டாக்டரிடம் போனபோது ரத்தப் பரிசோதனை ஒழுங்காக இருந்தது.

“சாப்பாடு பழகிடுச்சா?” என்று கேட்டார் டாக்டர்.

“பழகிடுச்சு டாக்டர்.”

“பொய் சொல்றார்” என்றாள் மனைவி. “பழகல. ஆனா சாப்பிடுறார்.”

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த பரிசோதனைக்குத் தேதி எழுதினார்.