சீனிக்கு விழுந்த சிக்கு

தேயிலைச் செடிக்கடியில் கிடந்த சீனியைக் கண் திறக்காத பூனைக்குட்டியாக எடுத்துவந்து, பஞ்சில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தவள் பிரேமினி. மூன்று வருடத்தில் அது அடர்ந்த வெள்ளை முடியோடு பெரிய பூனையாகிவிட்டது. ஆனால் சீப்பைக் கண்டால் போதும், அவள் கையைக் கீறிவிட்டு அலுமாரிக்கு மேல் ஏறிவிடும்.

தை மாதம் அவளுடைய அண்ணன் சுமன் உடப்புசல்லாவையிலிருந்து நிலக்ஷியைக் கட்டிக்கொண்டு வந்தான். வந்த இரண்டாம் வாரமே நிலக்ஷி நுவரெலியாவில் ஒரு பிரஷ் வாங்கினாள். லயத்து வீட்டு வாசல் வெயிலில் உட்கார்ந்து மடியைத் தட்டினாள். சீனி போய்ப் படுத்துக்கொண்டது. அவள் வாரிவிட வாரிவிட, அது கண்ணை மூடிக் கிறங்கியது.

"இங்க பாரு பிரேமினி, வயித்தக்கூட காட்டுது!" என்று சுமன் சிரித்தான்.

பிரேமினிக்கு நெஞ்சு எரிந்தது. அவளுக்கு ஒருநாளும் காட்டாத வயிறு. முன்பெல்லாம் வேலைவிட்டு வந்ததும் அண்ணன் அவளோடுதான் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பான். இப்போது அவனுக்கும் அந்த வாசல்தான்.

வைகாசியில் நிலக்ஷி இரண்டு வாரம் தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். "தினம் வாரிவிடுங்க பிரேமினி. மழைக்குச் சிக்கு விழுந்திரும்."

அவள் பஸ் ஏறியதும் பிரேமினி பிரஷ்ஷை விறகு அடுக்குக்குப் பின்னால் வீசினாள். திரும்பி வந்து பார்க்கட்டும், அவளுடைய அழகுப் பூனையை.

மழை விடவில்லை. பத்தாம் நாள் சீனி நொண்டியது. முன்னங்காலின் அக்குளில் முடி திரண்டு கட்டி போலிருந்தது. பயந்துபோன பிரேமினி கத்தரிக்கோலால் அதை வெட்டப் பார்த்தாள். தோலில் பட்டு இரத்தம் கசிந்தது. அதன் பிறகு எதையும் தொட அவளுக்குத் துணிவில்லை.

நிலக்ஷி வந்ததும் பூனையைத் தூக்கிப் பார்த்தாள். "பிரஷ் எங்க?"

"நான்தான் வீசிட்டேன், அண்ணி."

"பூனை மேல என்ன கோவம்?"

"பூனை மேல இல்ல. ஒங்க மேல."

நிலக்ஷியின் முகம் மாறியது. பிறகு தேங்காயெண்ணெய் எடுத்துவந்து, "காலப் புடிங்க" என்றாள்.

சிக்கை விரலால் பிரித்துப் பிரித்து எடுத்தாள். கடைசி முடிச்சில் சீனி அலறியது. நிலக்ஷியின் கட்டைவிரலை ஆழமாகக் கடித்துவிட்டு, பிரேமினியின் தோளில் தாவி ஏறிக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு கணம் பிரேமினிக்குள் சந்தோஷம் பொங்கியது. நிலக்ஷியின் கையிலிருந்து இரத்தம் சொட்டுவதைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் அவளுக்கே அருவருப்பாயிற்று.

கடிவாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஊசி போட ஆட்டோவில் நுவரெலியாவுக்குப் போனார்கள். பாதி வழியில் நிலக்ஷி அழ ஆரம்பித்தாள்.

"வலிக்குதா, அண்ணி?"

"இல்ல. அந்த வீட்டுல மொதல்ல எங்கிட்ட வந்தது அது ஒண்ணுதான்."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது பிரேமினி கேட்டாள்: "ஊசி போடுறப்ப கையப் புடிச்சிக்கவா?"

"வேணாம்" என்றாள் நிலக்ஷி. இரண்டடி நடந்து நின்றாள். "பக்கத்துல நில்லுங்க. போதும்."